வளரறி மதிப்பீட்டை மாணவர் கையில் கொடுப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ 6, 7-ஆம் வகுப்புக்கு இப்போதுதான் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வளரறி மதிப்பீட்டுக்கும் (பாடம் நடக்கும்போதே கற்றலைப் பார்ப்பது) தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் (பருவ முடிவில் வைக்கும் தேர்வு) உள்ள வேறுபாட்டை பி.எட். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். பள்ளிக்கு வந்தபின் பார்ப்பது வேறாக இருக்கும். பருவத் தேர்வு நெருங்கும்போதுதான் வளரறிப் பதிவேடு மேசைக்கு வரும். யாருக்கு 18, யாருக்கு 16 என்று ஒரே மாலையில் கட்டங்கள் நிரம்பும். அந்த எண் எதற்காக வந்தது, அதை வைத்துத் தான் என்ன செய்வது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

இதை மாற்ற நான் நிறையத் தடுமாறினேன். சொல்லித்தர ஆள் இல்லை. பயிற்சிகளில் படிவம் நிரப்பும் முறையைச் சொன்னார்கள், வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது என்பதை யாரும் சொல்லவில்லை. நடத்திப் பார்த்துத் தேறிய முறைகளை வரிசையாகத் தருகிறேன். நான் கணக்கு எடுப்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 7-ஆம் வகுப்புக் கணக்கிலிருந்தே வரும். மற்ற பாடங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

நோக்கம் ஒன்றுதான். "நான் எதை நோக்கிப் போகிறேன், இப்போது எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும்" என்ற மூன்று கேள்விக்கும் மாணவரே பதில் சொல்ல வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றுக்காவது உதவும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பருவம் தொடங்கும் முன் இவற்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- பாடநூலும் ஒவ்வொரு பாடத்துக்குமான கற்றல் விளைவுகளும். புத்தகத்தில் "கற்றல் நோக்கங்கள்" என்ற பெட்டியிலும் இருக்கும்.
- வளரறி மதிப்பீட்டுப் பதிவேடு. பள்ளியில் போன வருடத்தது இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.
- மதிப்பீடு பற்றிய கடைசிச் சுற்றறிக்கை. தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் சொன்னதை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம்.
- மாணவர் பெயர்ப் பட்டியல், இரண்டு நகல். ஒன்று பதிவேட்டுக்கு, மற்றொன்று உங்கள் சொந்தக் குறிப்புக்கு.

முப்பருவ முறையில் ஒரு பருவத்துக்கு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறியின் 40-இல் (அ) பகுதி செயல்பாடுகளுக்கு 20, (ஆ) பகுதி சிறு தேர்வுகளுக்கு 20. இந்த முறை வந்த நாளிலிருந்தே ஒரு நல்ல ஏற்பாடு இதற்குள் இருக்கிறது. பலமுறை நடத்தி, அவற்றில் சிறந்த இரண்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் அது. நான்கு சிறு தேர்வு வைத்து இரண்டை எடுத்தால், மீதி இரண்டில் பிள்ளை தைரியமாகத் தப்புப் பண்ணலாம். இந்தச் சலுகையை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. சொன்னால் சிறு தேர்வு என்றதும் முகம் வாடுவது குறையும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 29-ஆம் பிரிவும் இதையே கேட்கிறது. குழந்தையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்பது அதன் வாசகம். "இதெல்லாம் எதற்கு" என்று யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் சட்டமே இருக்கிறது.

2. இலக்கைப் பிள்ளைகள் பேச்சில் எழுதுங்கள்

"முழுக்களின் பண்புகளை அறிந்து பயன்படுத்துதல்" என்று பாடக்குறிப்பில் எழுதலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எதுவும் சொல்லாது. பாடம் தொடங்கும் நாளில் அதை மூன்று நான்கு வாக்கியங்களாக உடைத்து, "எனக்குத் தெரியும்", "என்னால் முடியும்" என்று முடியும்படி சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முழுக்கள் பாடத்துக்கு நான் ஒட்டுவது இது:

- இரண்டு முழுக்களில் எது பெரியது என்று எண்கோட்டில் காட்ட எனக்குத் தெரியும்.
- ஒரு குறை எண்ணைக் கழித்தால் என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க என்னால் முடியும்.
- கடன், வெப்பநிலை, கடல்மட்டம் பற்றிய கணக்கை முழுக்களாக மாற்றி எழுத என்னால் முடியும்.

ஒவ்வொரு பிள்ளையும் இதையே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, எதிரே மூன்று கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். பாடம் தொடங்கும்போது ஒன்று, நடுவில் ஒன்று, முடியும்போது ஒன்று. கட்டத்தில் எண்ணும் ஏ1, பி2 போன்ற தரமும் வேண்டாம். "தெரியாது", "கொஞ்சம்", "சொல்லித் தருவேன்" என்ற மூன்றில் ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை. இலக்கு வாக்கியங்கள் ஐந்தைத் தாண்டினால் சுவரில் இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள்.

3. பாடம் தொடங்கும் முன் ஐந்து கேள்வி

புதுப் பாடத்துக்குத் தேவையான பழைய அறிவு இருக்கிறதா என்று ஐந்து கேள்வியில் பார்த்துவிடுங்கள். மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டு நடத்துங்கள். முழுக்களுக்கு முன் நான் கேட்பதில் ஒன்று, "−7, −2 இரண்டில் எது பெரியது?" என்பது. வகுப்பில் கணிசமானவர்கள் −7 என்று எழுதுவார்கள். 7 என்பது 2-ஐ விடப் பெரிது என்பது அவர்கள் மனதில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூட்டல், கழித்தலுக்குப் போனால் பருவம் முழுக்க அந்தப் பிழை கூடவே வரும்.

தாள்களை நீங்கள் பார்த்துவிட்டு, திருத்தாமலே திருப்பிக் கொடுங்கள். அவர்களே நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். பாடம் முடிந்ததும் அதே ஐந்து கேள்வியை மறுபடி செய்துவிட்டு, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

4. வகுப்பு நடுவில் கேட்கும் கேள்வி

கேள்வி கேட்டவுடன் முன்வரிசையில் அதே நான்கு கைகள் உயரும். அந்த நான்கு பேரின் பதிலை வைத்து வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். இதற்கு நான் செய்வது மூன்று.

முதலாவது, கை உயர்த்தும் பழக்கத்தை நிறுத்துவது. ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கேள்வி கேட்டு, நேரம் கொடுத்து, அப்புறம் குச்சியை எடுங்கள். குச்சியை முதலில் எடுத்தால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். வரிசை முக்கியம்.

இரண்டாவது, காத்திருப்பது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அமெரிக்க வகுப்பறைகளில் கவனித்துச் சொன்னார். மூன்று வினாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டது. மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அமைதி முதலில் சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

மூன்றாவது, தவறான விடையும் தகவல் தரும்படி கேள்வியை அமைப்பது. இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், பலன் அதிகம். கரும்பலகையில் இப்படி எழுதுகிறேன்:

−3 − 5 = ?
அ) 8 ஆ) −8 இ) 2 ஈ) −2

எல்லோரும் சிலேட்டில் எழுத்தை மட்டும் எழுதி ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். (அ) எழுதியவர்கள் "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்று மனப்பாடம் செய்தவர்கள். பெருக்கலுக்கான விதியைக் கழித்தலில் போட்டிருக்கிறார்கள். (இ) எழுதியவர்கள் −3-இல் நின்று வலப்பக்கம் நகர்ந்திருக்கிறார்கள். (ஈ) எழுதியவர்கள் முன்னால் இருக்கும் குறியைக் கவனிக்காமல் 3 − 5 போட்டிருக்கிறார்கள். மூன்று தவறுக்கும் மூன்று வேறு மருந்து வேண்டும். (அ) குழுவிடம் "விதியை மறந்துவிடு, 3 ரூபாய் கடன் இருக்கும்போது இன்னும் 5 ரூபாய் கடன் வாங்கினால் கையில் 8 ரூபாய் வந்துவிடுமா?" என்று கேட்டால் அவர்களே சிரித்துக்கொண்டு மாற்றுவார்கள். வெறுமனே "தப்பு, திரும்பப் போடு" என்றால் (ஈ)-யிலிருந்து (அ)-வுக்குத் தாவுவார்கள், அவ்வளவுதான்.

சிலேட் இல்லாத பள்ளியில் பழைய அட்டையில் வெள்ளைத் தாளை வைத்து பிளாஸ்டிக் உறை போட்டு, ஒயிட்போர்டு பேனாவால் எழுதச் சொல்லலாம். துணியால் துடைத்தால் போய்விடும்.

5. மணி அடிக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு

நாற்பது நிமிடப் பாடவேளையில் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் நான்கு சீட்டு. இரண்டே கேள்வி. ஒன்று அன்றைய கணக்கு. இரண்டாவது, "இன்று எந்த இடத்தில் குழம்பினாய்?" என்பது. வாரத்தில் இரண்டு நாள் போதும். தினமும் செய்தால் பிள்ளைகளுக்கும் சலிக்கும், உங்களுக்கும் முடியாது.

சீட்டுகளைத் திருத்த வேண்டாம். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சரியாகச் செய்தவை, சின்னத் தவறு உள்ளவை, அடிப்படையே புரியாதவை. பத்து நிமிட வேலை. மறுநாள் முதல் கால்மணி நேரத்தை மூன்றாம் குவியலுக்குக் கொடுத்து, முதல் குவியலில் இருப்பவர்களுக்குச் சவாலான ஒரு கணக்கைக் கொடுங்கள். சீட்டை ரப்பர் பேண்டு போட்டுத் தேதி எழுதி ஒரு மாதம் வைத்திருங்கள். பள்ளிப் பார்வைக்கு வரும் அதிகாரி கேட்டால் காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது.

"குழப்பம் எதுவும் இல்லை" என்று எல்லோரும் எழுதும் வாரங்கள் வரும். அது பயம். குழப்பத்தை எழுதிய சீட்டு ஒன்றைப் பெயர் சொல்லாமல் எடுத்து, "இது நல்ல கேள்வி, இதிலிருந்துதான் இன்றைய பாடம்" என்று தொடங்கிப் பாருங்கள். இரண்டாவது வாரத்திலேயே சீட்டுகளின் தொனி மாறும்.

6. மதிப்பெண்ணுக்கு முன் குறிப்பு

எனக்குப் பெரிய நம்பிக்கை இதில்தான். 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு குறிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நம் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம். தாளைக் கொடுத்ததும் முதலில் எண்ணைப் பார்ப்பார்கள், அடுத்துப் பக்கத்துப் பையனுடைய எண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் தாள் பைக்குள் போய்விடும். சிவப்பு மையில் நீங்கள் எழுதியதை யார் படித்தார்கள்?

அதனால் சிறு தேர்வுத் தாளை முதலில் குறிப்போடு மட்டும் கொடுங்கள். மதிப்பெண்ணை உங்கள் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, திருத்தி எழுதிய பிறகு சொல்லுங்கள். குறிப்பு என்பது "நன்று", "முயற்சி தேவை", "கவனம்" அல்ல. பிள்ளை செய்ய வேண்டிய ஒரு வேலை அதில் இருக்க வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டு:

"−3-இல் நின்றுகொண்டு 5 குறைத்தால் எண்கோட்டில் எந்தப் பக்கம் போவாய்? வரைந்து பார்த்துவிட்டு 4-ஆம், 7-ஆம் கணக்கைத் திரும்பப் போடு."

"ஐந்து கணக்கில் ஒன்று தப்பு. எது என்று நீயே கண்டுபிடி."

இரண்டாவது குறிப்பு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். தப்பைத் தேடுவதற்காகச் சரியாகச் செய்ததையும் திரும்பச் சரிபார்க்கிறார்கள்.

குறிப்பு எழுதினால் மட்டும் போதாது, அதைச் செய்ய வகுப்பு நேரம் ஒதுக்க வேண்டும். தாள் கொடுக்கும் நாளில் இருபது நிமிடம். வீட்டில் செய்து வரச் சொன்னால் பாதிப்பேர் செய்ய மாட்டார்கள், மீதிப்பேர் அடுத்தவரைப் பார்த்து எழுதுவார்கள். 40 தாளுக்குக் குறிப்பு எழுதுவது நேரம் பிடிக்கும் வேலைதான். ஒரே தவறு பலரிடம் வருவதால், குறிப்புகளுக்கு எண் கொடுத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, தாளில் எண்ணை மட்டும் போடலாம். ஆறேழு குறிப்புக்குள் முழு வகுப்பும் அடங்கிவிடும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். ஒரு பார்வையின்போது "நோட்டில் மதிப்பெண் எங்கே?" என்று என்னிடம் கேட்டார்கள். விளக்கிச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. இப்போது வருடத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் முறையைச் சொல்லி, பாடக்குறிப்பிலும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். தாளில் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும், மதிப்பெண் பதிவேட்டில் இருக்கட்டும். அப்புறம் யாரும் கேட்பதில்லை.

7. தவறு நோட்டு

அரசு தரும் விலையில்லா நோட்டுகளில் மெல்லிய ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும்: நான் எழுதியது, ஏன் அப்படி எழுதினேன், இப்போது எப்படிச் செய்வேன். நடுப்பத்திதான் முக்கியம். "கவனக்குறைவு" என்று எழுதினால் ஏற்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் முதலில் அதைத்தான் எழுதும். "மைனஸ் மைனஸ் பிளஸ் என்று நினைத்தேன்", "10-ஐக் கடன் வாங்கியதை மறந்துவிட்டேன்" என்ற அளவுக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.

பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லோரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். தவறு நோட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு எதைப் படிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

8. தன்னையும் நண்பரையும் மதிப்பிடப் பழக்குங்கள்

"உன் நண்பன் தாளை நீ திருத்து" என்று முதல் நாளே கொடுத்தால் அது நட்புக்கும் பகைக்கும் மதிப்பெண் போடும் வேலையாகிவிடும். அளவுகோலை முதலில் பிள்ளைகளே உருவாக்க வேண்டும்.

என் பள்ளியில் தமிழாசிரியரோடு சேர்ந்து கடிதம் எழுதும் பாடத்தில் இதைச் செய்தோம். தெருவிளக்கு கேட்டு ஊராட்சித் தலைவருக்கு எழுதிய இரண்டு மாதிரிக் கடிதங்களைக் கரும்பலகையில் ஒட்டினோம். இரண்டும் நாங்களே எழுதியவை. ஒன்றில் எந்தத் தெரு, எத்தனை நாளாக இருட்டு, யாருக்கு என்ன சிரமம் என்று இருக்கும். மற்றதில் "எங்கள் ஊரில் விளக்கு இல்லை, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் இருக்கும். "நீங்கள் தலைவராக இருந்தால் எந்தக் கடிதத்தைப் பார்த்து ஆள் அனுப்புவீர்கள்? ஏன்?" என்று கேட்டோம். அவர்கள் சொன்ன காரணங்களே அளவுகோலானது: இடம் தெளிவாக இருக்கிறதா, சிரமம் சொல்லப்பட்டிருக்கிறதா, என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டிருக்கிறதா, அனுப்புநர், பெறுநர், நாள் எல்லாம் சரியா. ஒரு சிறுமி "யாரைத் தொடர்புகொள்வது என்று எழுதவில்லை, ஆள் வந்தாலும் யாரைக் கேட்பார்?" என்றாள். எங்கள் பட்டியலில் அது இல்லை, சேர்த்துக்கொண்டோம்.

அதன் பிறகு ஒருவர் கடிதத்தை மற்றவர் படித்து, நன்றாக இருக்கும் இரண்டு இடத்தையும் மாற்ற வேண்டிய ஒரு இடத்தையும் பென்சிலால் குறிக்க வேண்டும். மதிப்பெண் போடக்கூடாது. எழுதியவர் திருத்தியபின் தனக்குத்தானே அதே அளவுகோலில் குறி போட்டுக்கொண்டு உங்களிடம் தர வேண்டும். நீங்கள் போடும் குறியும் அவர் போட்டதும் எங்கே வேறுபடுகிறதோ அதைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசுங்கள். நன்றாகப் படிக்கும் பெண் பிள்ளைகளில் சிலர் தங்களைக் குறைத்தே போட்டுக்கொள்வதை என் வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்களிடம் அந்த இரண்டு நிமிடத்தைக் கட்டாயம் செலவிடுங்கள்.

9. (அ) பகுதிச் செயல்பாடுகள்: கடையில் வாங்கும் ப்ராஜெக்ட் வேண்டாம்

வெட்டி ஒட்டும் படம், பிரவுசிங் சென்டரில் எடுத்த அச்சுத்தாள், அண்ணனோ அம்மாவோ வரைந்த சார்ட். இவை வளரறி மதிப்பீடு ஆகாது. பெற்றோருக்கு ஐம்பது, நூறு என்று செலவு, பிள்ளைக்கு எதுவும் மிச்சமில்லை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஐம்பது ரூபாய் சின்னத் தொகை இல்லை.

வகுப்பறைக்குள்ளேயே தொடங்கி வகுப்பறைக்குள்ளேயே முடியும் செயல்பாடு மட்டும் கொடுங்கள். தகவல் செயலாக்கம் என்றால் வகுப்பில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று கேட்டுப் பட்டியலிடுவது. முழுக்கள் என்றால் மளிகைக் கடை வரவு செலவை எண்கோட்டில் காட்டுவது. பிள்ளைகளே வினாத்தாள் தயாரிப்பதும் நல்ல செயல்பாடு. ஒரு எளிய கேள்வி, ஒரு யோசிக்க வைக்கும் கேள்வி, இரண்டுக்கும் விடைக்குறிப்பு. அவற்றில் சிலவற்றை உண்மையான சிறு தேர்விலேயே சேர்த்துவிடுங்கள். தன் கேள்வி தேர்வில் வந்த பிள்ளையின் முகத்தை நீங்களே பாருங்கள்.

10. செலவு, நேரம்

செலவு அதிகம் இல்லை. சார்ட், ஏ4 தாள், ஐஸ் குச்சி, ஒயிட்போர்டு பேனா, நகல் எல்லாம் சேர்த்து ஒரு வகுப்புக்கு ஒரு பருவத்தில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். சொந்தக் கையிலிருந்து போடுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் கற்றல் கற்பித்தல் பொருள்களுக்கு இடம் உண்டு. ரசீது வாங்கி வைக்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் அச்சான பழைய தாள் அலுவலகத்தில் கிடைத்தால் துண்டுச் சீட்டுக்குச் செலவே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் பருவத்தில் ஜூன் மாதத்தை அளவுகோல், இலக்கு, தவறு நோட்டு ஆகியவற்றைப் பழக்கப்படுத்தவே விட்டுவிடுங்கள். முதல் சிறு தேர்வு ஜூலையில். ஆகஸ்ட் முடியும்முன் மூன்றாவதும் முடிந்திருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் திருத்தி எழுதவும் மறுவாய்ப்புக்கும் மட்டும். எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளம்) மதிப்பெண் ஏற்றுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் ஒரு வாரம் முன்னதாக முடித்துவிடுங்கள்.

மறுவாய்ப்பு கேட்கும் பிள்ளை தவறு நோட்டில் அந்தப் பகுதியை எழுதியிருக்க வேண்டும், அதே வகைக் கணக்கு இரண்டைப் போட்டுக் காட்ட வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் எல்லோரும் சும்மா இரண்டாவது முறை எழுத வந்துவிடுவார்கள். "திரும்ப எழுத எனக்கு எது தெரிய வேண்டும்" என்று பிள்ளையே யோசிக்க வேண்டியிருப்பதுதான் இதன் பயன்.

11. பெயர் சூட்டும் பழக்கம்

தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி என்று ஆசிரியர் முடிவு செய்ய அது உதவும். மேல் வகுப்புகளில் "மெல்லக் கற்போர்" பட்டியல் போடச் சொல்வார்கள், போட்டுக்கொடுங்கள். ஆனால் அந்தப் பட்டியல் சுவருக்கோ பிள்ளைகளின் காதுக்கோ போகக்கூடாது. துண்டுச் சீட்டின் மூன்றாம் குவியலில் யார் இருக்கிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாற வேண்டும். ஒரே பெயர்கள் மூன்று வாரம் தொடர்ந்தால் உங்கள் வழிமுறையை மாற்றுங்கள். ஒருவேளை அந்தப் பிள்ளைக்குக் கணக்கு அல்ல, கணக்கில் உள்ள வாக்கியத்தை வாசிப்பதுதான் சிக்கலாக இருக்கலாம். வாசித்துக் காட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தாளை உயர்த்திப் பிடித்து மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் கட்டிய எல்லாவற்றையும் அது ஒரே நாளில் கலைத்துவிடும்.

12. பெற்றோர் வரும் நாளில் பிள்ளை பேசட்டும்

பெற்றோர் கூட்டத்தில் நாம் பேசுவோம், அம்மாவோ அப்பாவோ தலையைக் குனிந்து கேட்பார்கள், பிள்ளை ஓரமாக நிற்கும். இதைத் திருப்பிப் போடுங்கள். பிள்ளை தன் நோட்டைத் திறந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: இந்தப் பருவத்தில் கற்றுக்கொண்ட ஒன்று, இன்னும் சிரமமாக இருக்கும் ஒன்று, அதற்கு வீட்டில் என்ன உதவி வேண்டும் என்பது. ஐந்து நிமிடம் போதும். முந்தைய நாள் வகுப்பில் ஜோடியாகப் பேசிப் பழகட்டும்.

நூறு நாள் வேலைக்கும் கூலிக்கும் போகிறவர்களால் பகல் பதினோரு மணிக்கு வர முடியாது. காலையில் வேலைக்குப் போகும்முன்னோ மாலையிலோ வரச் சொன்னால் வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இந்த முறை பொருந்தும், ஏனென்றால் பேசுவது அவர்கள் பிள்ளை. ஒரு அப்பா என்னிடம், "சார், வீட்டில் இருபது நிமிடம் டிவியை நிறுத்தச் சொல்றான், நிறுத்திடறேன்" என்றார். அவன் கேட்ட உதவி அதுதான்.

எதில் தொடங்குவது

எல்லாவற்றையும் எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். 10-இல் சொன்ன கால வரிசை இவையெல்லாம் உங்களுக்குப் பழகிய பிறகு. முதல் வருடத்தில் ஒரு வகுப்பு, ஒரு பாடம், முதல் மாதத்தில் துண்டுச் சீட்டு மட்டும். அது கைக்கு வந்ததும் குறிப்போடு தாள் திருப்பித் தருவது. இரண்டாம் பருவத்தில் தவறு நோட்டும் நண்பர் மதிப்பீடும். பெற்றோர் முன் பிள்ளை பேசுவதை மூன்றாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். குறுவள மையக் கூட்டத்துக்கு (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) போகும்போது உங்கள் சீட்டுக் கட்டையும் ஒரு தவறு நோட்டையும் பையில் எடுத்துப் போங்கள், உங்கள் பாடம் எடுக்கும் இன்னொருவர் அங்கே கண்டிப்பாகக் கேட்பார். அவருடைய கேள்விகளை வாங்கிக்கொண்டு வாருங்கள். நல்ல நான்கு விடைக் கேள்விகளை ஒரே ஆள் உட்கார்ந்து யோசிப்பது கடினம், இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பாடத்துக்கு ஒரு மாலையில் முடிந்துவிடும்.